கல்குவாரிக் குடும்பங்களோடு வேலை செய்ய வருகிறவர்களுக்கு: புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து வழிகாட்டி

ஜூனில் பள்ளி திறக்கும்போதும் டிசம்பர் மழை ஓய்ந்த பிறகும் எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு ஒரே மாதிரி போன் வரும். "குவாரிப் பக்கம் பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்யணும், நோட்டு, பை எல்லாம் வாங்கி வச்சிருக்கோம், எங்க வரணும்?" நல்ல மனசுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோட்டு வாங்கிய பிள்ளை அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்குப் போவதற்கும் அந்த நோட்டுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, அப்பா மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் வைத்துத்தான் அது முடிவாகிறது. குழந்தைகளுக்காக வருகிறவர் முதல் சில மாதங்கள் பெரியவர்களின் காகிதங்களோடும் கடனோடும்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

சுரங்கம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். 1956-ல் தொடங்கிய அந்தப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்குத் தனி டவுன்ஷிப், ஆஸ்பத்திரி, யூனியன் எல்லாம் உண்டு. இங்கே சொல்லப்போவது அந்தப் பக்கம் இல்லை. திருவக்கரை, அதைச் சுற்றிய வானூர் வட்டத்துக் கருங்கல் குவாரிகளும் ஜல்லி அரைக்கும் கிரஷர்களும், கடலூர் மாவட்டத்துச் செம்மண் குவாரிகள், ஆற்றோரச் செங்கல் சூளைகளுக்கு மண் வெட்டுகிறவர்கள், தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் மாட்டு வண்டியில் மணல் ஏற்றிப் பிழைத்தவர்கள், இவர்களைப் பற்றித்தான். கல், கிராவல், சாதா களிமண், மணல் எல்லாம் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி 'சிறு கனிமம்'. அதற்கு விதி போடுவது மாநில அரசு. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் அதற்கானவை. குத்தகை யாருடையது, எப்போது முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் கனிமவளப் பிரிவில் கேட்க வேண்டும்.

திருவக்கரைக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்ரகாளியம்மனைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரங்களைப் பார்க்க மாணவர்கள் வருவார்கள். கிரஷர் தூசு அடிக்கிற பக்கம் மட்டும் யாரும் திரும்புவதில்லை. பஸ்ஸும் அங்கே போவதில்லை. உங்களுக்கு ஒரு டூவீலர் தேவைப்படும்.

முதலில் எல்லைக்கோடு

இது எங்கள் பக்கத்துக்கே உரிய தலைவலி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் புதுச்சேரியில் குடியிருக்கிறீர்கள். அமைப்பும் புதுச்சேரியில் பதிவானது. ஆனால் குவாரி விழுப்புரம் மாவட்டம். அங்கே கல் உடைக்கிறவர்களில் சிலர் மண்ணாடிப்பட்டு, வில்லியனூர்ப் பக்கம் இருந்து போய் வருகிறவர்கள், அதாவது புதுச்சேரி ரேஷன் அட்டைக்காரர்கள். சிலருக்குத் தமிழ்நாட்டு அட்டை. இன்னும் சிலருக்கு ஒடிசா, பீகார் ஆதாரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மூன்று குடும்பத்துக்கு மூன்று அரசாங்கம்.

எனவே எந்த வீட்டிலும் உங்கள் முதல் கேள்வி "ரேஷன் அட்டை எந்த ஊரு?" என்பதாக இருக்கட்டும். தமிழ்நாட்டு அட்டை என்றால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு, தமிழ்நாட்டு நல வாரியம், வானூர் வட்டாரக் கல்வி அலுவலர் என்று ஒரு வழி. புதுச்சேரி அட்டை என்றால் அங்குள்ள தொழிலாளர் துறை, சமூக நலத்துறை, கொம்யூன் பஞ்சாயத்து என்று இன்னொரு வழி. பள்ளியிலும் இதே கதைதான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சமச்சீர்ப் பாடம். குடும்பம் மூன்று கிலோமீட்டர் இடம் மாறினாலும் பிள்ளைக்குப் புத்தகம் மொத்தமும் மாறிவிடும். ஏழாம் வகுப்பில் அப்படி மாற்றிவிட்டால் பெரும்பாலும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். முடிந்தவரை பழைய பள்ளியிலேயே தொடர வைத்து, போய்வரும் ஆட்டோச் செலவை அமைப்பு ஏற்றுக்கொள்வது மேல் என்பது என் கட்சி.

உள்ளே போவது எப்படி

குவாரி ஓனரின் ஜீப்பில் ஏறிப் போகாதீர்கள். பஞ்சாயத்துத் தலைவரோடும் முதல் நாளே போக வேண்டாம். யாரோடு வந்து இறங்கினீர்களோ அவருடைய ஆள் என்ற முத்திரை விழுந்துவிடும், அப்புறம் அது போகாது. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர், இந்த மூவரில் ஒருவரைப் பிடியுங்கள். எந்த வீட்டில் பிள்ளை நின்றுவிட்டது, எந்த வீட்டில் குறைமாதக் குழந்தை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

நேரம் முக்கியம். சனிக்கிழமை சாயங்காலம் கூலிக் கணக்கு முடிக்கிற நேரம். அன்றைக்குப் போனால் ஆண்கள் கடையில் இருப்பார்கள், பெண்கள் பதற்றத்தில் இருப்பார்கள். ஞாயிறு காலை பதினொன்றுக்கு மேல் நல்லது. தண்ணீர் பிடித்து, துணி துவைத்து முடித்திருப்பார்கள். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், பேச நேரம் இருக்கும்.

குத்தகை எல்லைக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. சிவப்புக் கொடி கட்டியிருந்தாலோ விசில் அடித்தாலோ வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றால் ஓனர் உங்களைப் பத்திரிகைக்காரர் என்று நினைப்பார். தொழிலாளர்களோ அதிகாரி என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

கையால் கல் உடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பழைய டயரை வளையமாக வெட்டி வைத்திருப்பார்கள். இடது கையால் அந்த வளையத்தைக் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுத்தியலைப் போடுவார்கள். சில்லு தெறித்து ஓடாமல் வளையம் தடுக்கும். முகத்துக்கு வரும் சில்லைத் தடுக்க எதுவும் இல்லை. பக்கத்தில் புடவைத் தூளியில் குழந்தை தூங்கும், அதற்கு மேலே ஒரு தார்ப்பாய். ஐந்து வயதுப் பெண் குழந்தை தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெண் 'குழந்தைத் தொழிலாளி' என்று எந்தப் பதிவேட்டிலும் வராது. ஆனால் பள்ளிக்குப் போகாமல் இருப்பது அவள்தான். பக்கத்து ஊரில் அங்கன்வாடி இருந்தும், குவாரி வேலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுவதால் அது உதவுவதில்லை. அங்கன்வாடி திறக்கும்வரை இரண்டு மணி நேரம் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தால் அக்கா பள்ளிக்குப் போவாள். நன்கொடையாளர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "இதுல கல்வி எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். பொறுமையாகத் திரும்பச் சொல்லுங்கள்.

வீட்டுப் பட்டியல்

ஒரு நீளக் கோட்டு நோட்டு போதும். வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர்கள், தோராய வயது, யாருக்கு என்ன காகிதம் இருக்கிறது, பிள்ளை எந்தப் பள்ளி, கடைசியாக எப்போது போனது, இருமல் யாருக்கு, மருந்து எங்கே வாங்குகிறார்கள். கடன் பற்றி முதல் இரண்டு மூன்று சந்திப்பில் கேட்காதீர்கள், அவர்களாகவே சொல்வார்கள். ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸப் குழுவில் போடுவது கூடவே கூடாது.

"எத்தினி பேரு வந்து எழுதிக்கினு போனீங்க, இன்னா வந்துச்சு?" என்று யாராவது ஒரு பாட்டி கேட்பார். கேட்டால் சந்தோஷப்படுங்கள், பேச ஆரம்பித்துவிட்டார் என்று பொருள். பதிலாக வாக்குறுதி எதுவும் தராமல், அடுத்த வாரமே முடிக்கக்கூடிய சின்ன வேலை ஒன்றைச் செய்து கொடுங்கள். நின்றுபோன முதியோர் உதவித்தொகையை விசாரித்துச் சொல்வது, வங்கிக் கணக்கில் போன் நம்பர் மாற்றுவது, அந்த மாதிரி.

காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமே அதுதான். வேறு எதைக் காட்டியும் சமாளிக்க முடியாது. பிறந்து 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருக்கும். சூளையிலேயே பிறந்த குழந்தைகளுக்கு இது நிறைய நடக்கும். செவிலியரின் தாய்-சேய் பதிவு, தடுப்பூசி அட்டை, இவை இருந்தால் வேலை கொஞ்சம் சுலபம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். எங்கள் பக்கம் சூளைகளிலும் மரம் வெட்டிலும் அட்வான்ஸுக்கு மாட்டிக்கொள்கிறவர்களில் இருளர் குடும்பங்கள் அதிகம். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்று தருபவர் கோட்டாட்சியர், தாசில்தார் இல்லை. புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016-ல்தான். அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணனிடம் தமிழ்நாட்டுச் சான்று இருக்கும், எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் தம்பி வெறுங்கையோடு இருப்பார். அண்ணனின் சான்று நகலை மனுவோடு இணையுங்கள், விசாரணைக்கு உதவும்.

காகிதங்களைப் பற்றி இன்னொன்று. 2011 தானே புயலிலும் 2024 ஃபெஞ்சல் வெள்ளத்திலும் காகிதங்களைப் பறிகொடுத்தவர்கள் இங்கே ஏராளம். நகல் எடுத்துக் கொடுக்கும்போது ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையையும் சேர்த்துக் கொடுங்கள்.

பள்ளியில் சேர்ப்பது

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையையும் வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை பள்ளியே பார்த்ததில்லை என்றாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டாதீர்கள். அவருக்கும் தெரியும். அவருடைய கவலை வேறு: தமிழ்நாட்டில் எமிஸ் எண் (பிள்ளையின் ஆன்லைன் பள்ளிப் பதிவு எண்) பழைய பள்ளியில் மாட்டிக்கொண்டிருக்கும், அங்கிருந்து விடுவித்தால்தான் இங்கே ஏற்ற முடியும். நீங்கள் பழைய பள்ளிக்கு ஒரு நடை போய் அதை முடித்துக் கொடுத்தால் அவர் உங்கள் ஆளாகிவிடுவார்.

14 வயதைத் தாண்டிய பையன்கள்தான் உண்மையான சிக்கல். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. ஆனால் சுரங்கம், குவாரி மாதிரி ஆபத்தான வேலைக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். மீறி வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்தாவது ஃபெயிலாகி டிப்பரில் கிளீனராகப் போகிற பதினாறு வயதுப் பையனிடம் இந்தச் சட்டம் பேசிப் பயனில்லை. அவனுக்கு ஐடிஐ விண்ணப்பம், தனித்தேர்வர் விண்ணப்பம், இரண்டையும் காட்டி, தேதி முடிவதற்குள் கையெழுத்து வாங்குங்கள்.

மாலை வகுப்பு நடத்த ஆசைப்படுவீர்கள். நடத்துங்கள், ஆனால் குவாரிக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே வகுப்பு வைத்தால் பிள்ளைகள் அங்கே வருவதற்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். குடியிருப்பில் கோயில் மண்டபமோ வேப்பமரத்தடியோ போதும். சொல்லிக்கொடுக்க அந்த ஊரிலேயே பிளஸ் டூ முடித்த பெண் ஒருவரைத் தேடுங்கள். புதுச்சேரியிலிருந்து வாரம் ஒருமுறை வந்து போகும் கல்லூரி மாணவர்களைவிட அவர் நிற்பார். தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் தன்னார்வலராக இருந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். சம்பளத்தை மாதம் முதல் தேதியில் கொடுங்கள். சுண்டல் உண்டு என்றால் வருகைப்பதிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நெஞ்சு இருமல்

கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. காய்ந்த பாறையில் டிரில் போடுகிறவருக்கும் கிரஷர் வாயில் நிற்பவருக்கும் அது நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வரும். குணப்படுத்த மருந்து இல்லை, மேலும் தூசு சேராமல் தடுக்கத்தான் முடியும். எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரிவதால் திரும்பத் திரும்ப டிபி மருந்து சாப்பிட்டவர்களைப் பார்க்கலாம். சிலிகோசிஸ் இருந்தால் டிபி வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ கூட்டிப்போகும்போது "எத்தனை வருஷமா கல்லு வேலை" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லவையுங்கள், சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். வெறும் "கூலி" என்று எழுதிவிட்டால் பின்னால் இழப்பீடு கேட்கும்போது ஆதாரம் இருக்காது. டிபி உறுதியானால் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது.

டிரில் போடும்போது தண்ணீர் விட்டால் தூசு பெருமளவு அடங்கிவிடும். கிரஷர் ஓனர் "ஸ்கூலுக்கு ஏதாவது டொனேஷன் தரேன்" என்றால், பணம் வேண்டாம், ஸ்பிரிங்க்ளரைத் தினமும் ஓட்டுங்கள், கைவிட்ட குழிக்கு வேலி போடுங்கள் என்று கேளுங்கள். அவரிடம் ரொக்கம் வாங்கிய அமைப்பு அடுத்த விபத்தின்போது வாய் திறக்க முடியாது.

குழி என்றதும் ஒன்று. வெட்டி முடித்த குவாரியில் மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சைப் பசேலென்று நிற்கும். கரை சரிவாக இறங்காது, செங்குத்தாக வெட்டியிருக்கும். நீந்தத் தெரிந்த பையனும் பிடித்து ஏற இடமில்லாமல் மூழ்கிப்போவான். ஏப்ரல், மே விடுமுறையில்தான் அதிகம் நடக்கும். அந்த இரண்டு மாதம் பகலிலும் பிள்ளைகளை உட்கார வைக்க ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். கேரம் போர்டு போதும்.

பெரியவர்களுக்கு

கல் உடைப்பவர், வெட்டுபவர், கிரஷர் தொழிலாளி எல்லாரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் தொழில் பட்டியலில் இருக்கிறார்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து மரண உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. அட்டையின் காலாவதித் தேதியை உங்கள் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்காத அட்டை கஷ்டகாலத்தில்தான் கையில் சிக்கும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-ல் வந்த மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவை 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் பொதுச்சேவை மையத்திலேயே போட்டுவிடலாம். வெளிமாநிலத்தவருக்கு அதுவும் ஒரு பிடிமானம்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வெளியே போகவிடாமல் வைத்திருந்தால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை. நீங்களே வண்டி வைத்து ராத்திரியில் கூட்டிவராதீர்கள். அந்தக் கடன் சட்டப்படி ஏற்கெனவே செல்லாதது. ஆனால் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால்தான் அதைக் காட்ட ஆதாரம் இருக்கும், 30,000 ரூபாய் வரை உடனடி நிவாரணமும் கிடைக்கும். சான்றிதழ் இல்லாமல் வெளியே வந்த குடும்பம் அடுத்த சீசனில் அதே மேஸ்திரியிடம் திரும்பப் போய் நிற்கும்.

பிள்ளைகள் பாதுகாப்பு

உங்கள் தன்னார்வலர் யாரும் தனியாக ஒரு பிள்ளையோடு அறையில் இருக்கக் கூடாது. எவ்வளவு தெரிந்தவர் என்றாலும் விதி விதிதான். போலீஸ் சரிபார்ப்பு எல்லாருக்கும். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். ஊர்ப் பெரியவர்கள் "பேசி முடிச்சிக்கலாம்" என்பார்கள். முடிக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவியுங்கள்.

பணமும் பதிவும்

முதல் ஆண்டிலேயே டிரஸ்ட் பதிய ஓடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் அமைப்பொன்றில் சேர்ந்து வேலை பழகுங்கள். பிறகு பதிவதானால் டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் என்ற வரிசை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும். வெளிநாட்டுப் பணம் இப்போதைக்குக் கனவு: பொதுவாக மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் காட்ட வேண்டும், பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் கிளைக் கணக்கில்தான் இறங்கும். ஆரோவில் பக்கம் சந்தித்த வெளிநாட்டு நண்பர் உங்கள் சொந்தக் கணக்கில் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பலரும் கேட்காமல் விடுகிற பணம் ஒன்று உண்டு. குவாரிகளும் சுரங்கங்களும் கட்டும் பங்கிலிருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி சேர்கிறது. 2015 சட்டத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு. பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், கல்விக்குத்தான் அதில் முன்னுரிமை. உங்கள் ஊருக்கு அங்கன்வாடிக் கட்டடமோ குடிநீர்த் தொட்டியோ வேண்டுமானால் கிராமசபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனுவை நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், கையெழுத்து ஊர்க்காரர்களுடையதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராமசபை நாட்கள். மே 1 நல்ல தேதி, அன்றைக்கு குவாரி லீவு, ஆட்கள் வருவார்கள்.